சிக்கிள்செல் குழந்தையை ராத்திரியில் கொண்டுபோனால் "காலைல வா" என்கிறார்கள், அடுத்த முறை என்ன செய்வது?

காப்பிச்செடி:

வணக்கம். நீலகிரியில் கேரள எல்லைப் பக்கம் எங்கள் காலனி. நாங்கள் பணியர் பழங்குடி. ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் எழுதப் போவதில்லை, ஏன் என்று படித்தால் தெரியும்.

மகளுக்கு ஆறு வயது. சிக்கிள்செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. கேம்ப்பில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள், அட்டை கொடுத்திருக்கிறார்கள், மாத்திரையும் விடாமல் கொடுக்கிறோம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் கால் வலி என்றாள், காய்ச்சலும் இருந்தது. ராத்திரி ஆக ஆக நெஞ்சு வலிக்கிறது என்று மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். ஜீப் பிடித்துப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் பிள்ளையைப் பார்க்கும் முன்னால் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "குடிச்சிருக்கியா?" எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அப்புறம் பிள்ளையைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும், சிரப்பு தர்றேன், காலைல ஓ.பி.க்கு வா" என்றார். அட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. "அதெல்லாம் காலைல டாக்டர்கிட்ட காட்டு." என் மனைவிக்குத் தமிழ் சரளமாக வராது, எங்கள் பேச்சும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள். அவள் திரும்பத் திரும்ப நெஞ்சைக் காட்டிச் சொன்னபோது, என்ன பேசுது பாரு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்கள். எங்களுக்குப் பின்னால் கையில் சின்ன வெட்டுக்காயத்தோடு வந்த ஒருவரை "உள்ள வாங்க சார்" என்று உடனே கூப்பிட்டுக் கட்டுப் போட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பேப்பரில் மனைவியிடம் கைநாட்டு வாங்கினார்கள். நான் ஜீப்காரரிடம் பேசப் போயிருந்தேன். சேர்க்க வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டுப் போவதாக அதில் எழுதியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே ஜீப்பில் தூரத்தில் இருக்கிற இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே உடனே எக்ஸ்ரே எடுத்து, ஆக்சிஜன் வைத்து, அப்புறம் ரத்தமும் ஏற்றினார்கள். நுரையீரலில் பிடித்திருக்கிறது, இந்த நோயில் நெஞ்சு வலியும் மூச்சு வாங்கலும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

என் கேள்வி இதுதான். அடுத்த மழை வரப்போகிறது, மறுபடி ஒரு ராத்திரி இப்படி ஆனால் வாசலில் என்ன சொன்னால் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பார்கள்? அப்புறம், புகார் கொடுக்கலாமா? கொடுக்கச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள், ஆனால் ராத்திரியில் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய இடம் அது ஒன்றுதான், அங்கே இருக்கிறவர்களுக்கு எங்கள் முகம் தெரியும். மனைவி அந்த வாசலை இனி மிதிக்கவே மாட்டேன் என்கிறாள். தூரத்து ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகலாம் என்றால் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் என்ன செய்வது?

இரவுப்பணி:

அண்ணா, நான் அரசு மருத்துவமனை நர்ஸ், வேறு மாவட்டம். படித்ததும் கோபம்தான் வந்தது, அதை ஓரமாக வைத்துவிட்டு உபயோகமானதைச் சொல்கிறேன்.

முதலில், வாசலில் "கால் வலி" என்று ஆரம்பிக்காதீர்கள். ராத்திரி வரும் குழந்தைகளில் பாதிக்கு ஏதோ ஒரு வலி இருக்கும், அந்தச் சொல்லைக் கேட்டதும் காது மூடிக்கொள்ளும், இது உண்மை. முதல் வாக்கியமே "இது சிக்கிள்செல் குழந்தை, காய்ச்சல் இருக்கு, நெஞ்சு வலிக்குது, மூச்சு வாங்குது" என்று இருக்கட்டும். சிக்கிள்செல் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மண்ணீரல் சரியாக வேலை செய்யாமல் போய்விடும், அதனால் சாதாரணக் கிருமி கூட ரத்தத்தில் சட்டென்று பரவும். அவர்களுக்குக் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் (ஃபாரன்ஹீட்டில் 101.3) தாண்டினாலே எந்த நேரமானாலும் பார்க்க வேண்டிய கேஸ், காலை ஓ.பி.க்குத் தள்ளும் விஷயமே இல்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று வெளுத்துப் போவது, இடது பக்கம் வயிறு வீங்குவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சு குழறுவது, கூப்பிட்டால் சரியாக விழிக்காமல் இருப்பது, இதில் எது ஒன்று வந்தாலும் வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். குளிரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வலியைக் கிளப்பும், உங்கள் ஊர் மழையில் அது சாதாரணமாக நடக்கும். வலிக்கிற இடத்தில் ஐஸ் வைக்காதீர்கள், கம்பளி போர்த்தி அடிக்கடி வெந்நீர் கொடுங்கள், வழியிலும் கொடுங்கள்.

அடுத்தது, "பாருங்க, பாருங்க" என்று கெஞ்சுவதை விட ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள். "டெம்பரேச்சர் பாருங்க, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாருங்க." பிள்ளை என்ன வலி என்று சொன்னாலும் நம்பாதவர்கள் அந்தக் கிளிப்பில் வரும் எண்ணை ஒதுக்க முடியாது. பெரிய மருத்துவமனைகளில் வந்தவுடன் நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை இருக்கிறது, அதுவே இந்த எண்களை வைத்துத்தான். அப்படியும் திருப்பி அனுப்பினால் சண்டை போடாமல், "சரிங்க, பார்த்த நேரம், காய்ச்சல் எவ்வளவு, இப்ப சேர்க்கத் தேவையில்லைன்னு ஓ.பி. சீட்டுல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். அப்படி எழுதிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அந்த இடத்தில் பல பேர் டியூட்டி டாக்டருக்கு ஃபோன் போடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவியிடம் கைநாட்டு வாங்கின பேப்பர், அது நாங்கள் "லாமா" என்று சொல்லும் பேப்பர். டாக்டர் சொல்லைக் கேட்காமல் நாங்களே கிளம்புகிறோம், பொறுப்பு எங்களுடையது என்று எழுதி வாங்குவது. அவர்கள் போகச் சொல்லிவிட்டு அதில் கைநாட்டு வாங்கினது பெரிய தப்பு. உங்கள் கதையில் எனக்கு மிக மோசமாகப் பட்டது அதுதான், குடிச்சிருக்கியா கேள்வியை விட. இனிமேல் யாராவது படித்துக் காட்டாமல் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

முடிந்தால் 108-இல் போங்கள். ஜீப் சீக்கிரம் வரும் என்றால் ஜீப்தான், உயிர் முக்கியம். ஆனால் 108-இல் கூப்பிட்ட நேரம் முதல் எல்லாம் பதிவாகும், அதில் வரும் டெக்னீஷியன் வழியிலேயே ஆக்சிஜன் அளவு பார்த்து எழுதுவார். ஆம்புலன்ஸ்காரர் கையில் பேப்பரோடு ஒப்படைக்கும் குழந்தையை வாசலில் வைத்தே அனுப்புவது கஷ்டம்.

உள்ளதைச்சொல்:

வருத்தமான விஷயம்தான், ஆனால் இதில் ஜாதியை ஏன் இழுக்க வேண்டும் என்று புரியவில்லை. ஜி.எச்.சில் எல்லாருக்கும் இதே மரியாதைதான். எங்கள் அப்பாவை சென்னையிலேயே வீல்சேர் கூட இல்லாமல் நிற்க வைத்தார்கள், நாங்கள் ஒன்றும் பழங்குடி இல்லை. ஒரு நர்ஸ், ஒரு டாக்டர், நூறு நோயாளி, அவர்களும் மனிதர்கள்தானே. ஆள் பற்றாக்குறையைக் கேளுங்கள், அதுதான் பிரச்சனை.

திண்டிவனத்து_இருளர்:

@உள்ளதைச்சொல் சார், உங்கள் அப்பாவை நிற்க வைத்தது தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பாவைப் பார்த்து முதல் கேள்வியாகக் குடிச்சிருக்கியா என்று கேட்டார்களா? நீங்கள் போட்ட சத்தத்தில் யாராவது வந்து பதில் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆள் சத்தம் போட்டால் செக்யூரிட்டி வருவார், கொஞ்சம் கூடப் பேசினால் போலீஸ் வரும். காப்பிச்செடி எழுதினதை மறுபடி படியுங்கள், அதே ராத்திரி, அதே ஒரு நர்ஸ், பின்னால் வந்தவருக்கு உடனே கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை அவருக்கு மட்டும் இல்லாமல் போனது எப்படி?

2023 பிப்ரவரியில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வயநாட்டு ஆதிவாசி, மனைவிக்குப் பிரசவம் என்று வந்தவர், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. ஃபோன் காணவில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரி வளாகத்தில் அவரைச் சூழ்ந்து நின்று விசாரித்தார்கள். ரெண்டு நாள் போவதற்குள் பக்கத்தில் ஒரு மரத்தில் தொங்கினபடி கிடைத்தார். அவ்வளவு கூட்டத்தில் அவர் மேல் மட்டும் கை நீண்டதற்கு என்ன காரணம் என்று நீங்களே சொல்லுங்கள். அதே வருஷம் மே மாதம், வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை போகிற வழியிலேயே இறந்தது. போஸ்ட்மார்ட்டம் முடித்து வந்த ஆம்புலன்ஸ் ரோடு இல்லை என்று பாதியில் இறக்கிவிட, தாய் பிணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்தாள். அது நர்ஸ் குற்றம் இல்லை, ரோடு போடாதவன் குற்றம். ஆனால் ரோடு ஏன் போடவில்லை என்றால் பதில் அதே இடத்துக்குத்தான் வரும். 2011 கணக்கெடுப்பில் பழங்குடிகள் நாம் எல்லோரும் சேர்ந்தே தமிழ்நாட்டில் ஏழு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் பேர் சொச்சம், நூற்றில் ஒருத்தர். எங்கள் ஓட்டை நம்பி நிற்கிற தொகுதி அரிது.

காப்பிச்செடி தம்பி, புகார் கட்டாயம் கொடுங்கள், ஆனால் தனியாகக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயர் மட்டும் இருந்தால் நீங்கள் பயப்படுவது நடக்கும். காலனியில் சிக்கிள்செல் பிள்ளை வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சங்கம் இருந்தால் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் போய் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் யாரோ ஒரு நர்ஸைத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். "எங்கள் பிள்ளைகளின் பட்டியலைக் கேஷுவாலிட்டியில் ஒட்டி வையுங்கள், அட்டை கொண்டுவந்தால் உடனே பார்க்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு போடுங்கள்" என்று கேளுங்கள். எங்கள் பக்கம் பாம்புக்கடிக்கு இப்படித்தான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டு வந்தோம். நாங்கள் இருளர், எங்களில் பலர் பாம்பு பிடிக்கிறவர்கள், விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமே வடநெம்மேலியில் இருளர் நடத்துவது. அந்த ஊசி போடும் இடத்தில் எங்களையே கடைசியில் நிற்க வைப்பார்கள், கேட்டால் சிரிப்புதான் வரும்.

சட்டம்கொஞ்சம்:

சட்டப்படி உங்கள் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இரண்டையும் சொல்கிறேன், இல்லாத நம்பிக்கை கொடுக்க விருப்பமில்லை.

அவசர சிகிச்சை தராமல் அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பினால் அது உயிர்வாழும் உரிமையை, அதாவது அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயிலில் இருந்து விழுந்து அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பலவும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அனுப்பிய வழக்கு. காசு இல்லை, வசதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்கள். உங்கள் மனுவில் அந்தத் தீர்ப்பை ஒரு வரி குறிப்பிடுங்கள், படிக்கிற அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பற்றிப் பலர் சட்டென்று சொல்வார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதி, பழங்குடியினரை மருத்துவமனைக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் குற்றம் என்று சேர்த்திருக்கிறார்கள். பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினாலும், வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலும் குற்றம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சாதிப் பெயர் சொன்னதாக இல்லை, உள்ளே விட்டிருக்கிறார்கள். அலட்சியமும் ஏளனமும் மட்டும் வைத்து இந்தச் சட்டத்தில் வழக்கு நிற்க வைப்பது கடினம். வழக்கு எடுபடவில்லை என்றால் "பொய் வழக்குப் போட்டவன்" என்ற பெயர் மிஞ்சும். சாதியைச் சொல்லி ஏதாவது பேசியிருந்தால் அது வேறு கதை, அப்போது 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

நடைமுறையில் வேலை செய்வது காகிதம்தான். இரண்டு மருத்துவமனையின் ஆவணங்களையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மருத்துவ ஆவணத்தை நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதியிலேயே இருக்கிறது. முதல் இடத்தில் கைநாட்டு வாங்கின பேப்பரில் இருக்கும் நேரத்தையும் இரண்டாவது இடத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று எழுதியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. சிசிடிவி இருந்தால் சில வாரங்களில் அழிந்துவிடும், உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே போயிருக்கும், இனி நடந்தால் மறுநாளே எழுதிக் கொடுங்கள். புகார் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு, நகல் கலெக்டருக்கு, இன்னொரு நகல் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கு. முதல்வர் உதவி மையம் 1100-இல் பதிவு செய்தால் ஒரு எண் வரும், அதைக் குறித்து வையுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடத்துக்கு அது பொருந்தாது.

பாடிக்காரி:

தம்பி, நான் கூடலூர் பக்கம், ஆதிவாசிதான், ரொம்ப காலமாக ஹெல்த் வேலை பார்க்கிறேன்.

நம்ம ஆட்கள் ஏன் வாசலில் வாயைத் திறப்பதில்லை என்று வெளியில் இருந்து வருகிற டாக்டர்கள் கேட்பார்கள். நம் பாட்டன் காலத்தில் வயநாட்டு வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் ஜன்மிகள், அதாவது நிலக்காரர்கள், பணியரை ஒரு வருஷத்துக்கு என்று பேசி அழைத்துப் போவார்கள், அந்த வருஷம் முழுக்க அவன் சொன்ன இடத்தில்தான் வேலை. எதிர்த்துப் பேசினால் நெல் கிடையாது. அந்தப் பயம் ரெண்டு தலைமுறையில் போய்விடுமா? டாக்டர் "என்ன?" என்று அதட்டினால் நம்ம அம்மாமார் "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். அங்கே "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி வைப்பார்கள்.

இன்னொரு விஷயம். இந்த நோய் நீலகிரி ஆதிவாசிகள் ரத்தத்தில் இருக்கிறது என்று 1952-லேயே வெள்ளைக்கார டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததே இங்கேதான் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட மலையில் வேலை பார்க்கிற ஒருத்தர் சிக்கிள்செல் அட்டையைக் கையில் வாங்கக்கூட மாட்டேன் என்றால் என்ன சொல்வது. 2023 ஜூலையில் பிரதமர் மத்தியப் பிரதேசத்தில் 2047-க்குள் சிக்கிள்செல்லை ஒழிக்கும் திட்டம் என்று தொடங்கி வைத்தார், அதில்தான் இந்த அட்டையெல்லாம் கொடுக்கிறார்கள். ரத்தம் எடுக்க ஊர் ஊராக வருகிறார்கள், நல்லதுதான். எடுத்து அட்டை கொடுத்த பிறகு அந்த அட்டையை ராத்திரி ரெண்டு மணிக்கு யார் படிப்பது என்பதற்கு யாரும் டிரெய்னிங் கொடுக்கவில்லை.

கூடலூரில் ஆதிவாசி ஆஸ்பத்திரி 1990 வாக்கில் தொடங்கினபோது முதலில் செய்த காரியமே நம் காலனிப் பெண்களை நர்ஸ் வேலைக்குப் பழக்கியதுதான். அங்கே போனால் பணியர் பேச்சும் காட்டுநாயக்கர் பேச்சும் தெரிந்த பெண்தான் முதலில் வந்து பிள்ளையைத் தூக்குவாள். உங்கள் வீட்டுக்காரி நெஞ்சைக் காட்டி என்ன சொன்னாள் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். சிக்கிள்செல்லுக்கு என்று தனியாகவே பார்க்கிறார்கள். உங்களுக்குத் தூரம் என்றால் ராத்திரிக்கு அது உதவாது, ஆனால் பகலில் ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிப்போய், இந்தக் குழந்தைக்கு இன்ன நோய், வலியோ காய்ச்சலோ வந்தால் இன்னது செய்ய வேண்டும் என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். ஒரு டாக்டர் எழுதினதை இன்னொரு டாக்டர் மதிப்பார். நாம் சொன்னதைத்தான் மதிக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டுக்காரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளையும் ஊர்க்கூட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பேச வையுங்கள், நம்ம பேச்சிலேயே பேசட்டும்.

பெர்த்_செவிலி:

ஆஸ்திரேலியாவில் எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் மார்த்தாண்டம். இதெல்லாம் ஏழை நாட்டுக் கதை என்று யாராவது நினைத்தால் அப்படி இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

2014-இல் எங்கள் மாநிலமான மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு 22 வயதுப் பழங்குடிப் பெண், அபராதம் கட்டவில்லை என்று போலீஸ் காவலில் இருந்தவள், வலி தாங்காமல் சில நாட்களுக்குள் மூன்று முறை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். முதல் இரண்டு முறையும் காவலில் வைக்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் முறை பார்த்த டாக்டர் நடத்தைப் பிரச்சனை என்கிற மாதிரி எழுதினது அடுத்த முறையும் ஒட்டிக்கொண்டது. நடிக்கிறாள் என்றே போலீஸும் நினைத்தது. மூன்றாவது முறை கொண்டுவரும்போது உயிர் போய்க்கொண்டிருந்தது. பழைய விலா எலும்பு முறிவில் சீழ் பிடித்து ரத்தத்தில் பரவியிருந்தது.

2021 ஈஸ்டர் சமயத்தில் பெர்த் குழந்தைகள் மருத்துவமனையில் ஏழு வயது ஐஸ்வர்யா, மலையாளிக் குடும்பம், அவர்கள் இந்த நாட்டுப் பழங்குடி இல்லை, இருந்தாலும் கதை உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். கை சில்லிட்டுப்போன குழந்தையை வைத்துக்கொண்டு பெற்றோர் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். குழந்தை அன்றே இறந்துவிட்டது. பெற்றோர் விடாமல் போராடியதில் இப்போது எங்கள் மருத்துவமனைகளில் அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு ஃபோன் எண் இருக்கிறது. பிள்ளை மோசமாகிறது, யாரும் கேட்கவில்லை என்று தோன்றினால் வார்டில் இருப்பவர்களைத் தாண்டி நேராக அந்த எண்ணைக் கூப்பிடலாம், வேறொரு சீனியர் வந்து பார்த்தே ஆகவேண்டும். குவீன்ஸ்லாந்தில் 2013-இல் இருந்தே இப்படி ஒன்று இருக்கிறது, அதுவும் இறந்துபோன ஒரு சின்னப் பையனின் பெயரில்தான். பல மருத்துவமனைகளில் பழங்குடிச் சமூகத்தில் இருந்தே ஆள் எடுத்து, வரும் குடும்பங்களோடு கூட இருப்பதற்கு என்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் பல இடங்களில் அவர்கள் இருப்பதில்லை, அதுதான் குறை.

நான் சொல்ல வருவது, திண்டிவனத்தண்ணன் சொன்ன மனுவில் இதையும் சேருங்கள். ராத்திரி வாசலில் மறுத்தால் கூப்பிட ஒரே ஒரு எண், மருத்துவமனைக்கு வெளியில் இருக்கும் ஒரு மருத்துவ அதிகாரியின் எண், அட்டையின் பின்னால் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைக்காது.

உள்ளதைச்சொல்:

வெட்டுக்காயத்தோடு வந்தவரை முதலில் கூப்பிட்டதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், சரி. இருந்தாலும் ராத்திரிக்கு ரெண்டு பேர் கூடப் போடாமல் எந்த எண் கொடுத்தும் பயனில்லை என்பதுதான் என் கருத்து. அந்த மனுவில் அதையும் எழுதுங்கள் என்று சொல்வேன்.

காப்பிச்செடி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலனியில் கூட்டம் போடப் பேசிவிட்டோம். எங்கள் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் சிக்கிள்செல் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மனு எல்லோர் பெயரிலும் போகும், அந்த நர்ஸ் பெயர் அதில் இருக்காது. ஃபோன் எண், பட்டியல், ராத்திரிக்கு ஆள், இந்த மூன்றும் கேட்போம். கைநாட்டு வாங்கின பேப்பரின் நகலைக் கேட்டு நாளைக்கு எழுதிக் கொடுக்கிறேன், கொடுப்பார்களா தெரியவில்லை. மனைவி கூட்டத்துக்கு வருகிறேன் என்றாள், பேசுவேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பாடிக்காரி அக்கா, அந்தக் கடிதம் வாங்க எந்த நாளில் வந்தால் டாக்டர் இருப்பார்? பிள்ளையைக் கூட்டிவர வேண்டுமா, அட்டையும் பழைய ரிப்போர்ட்டும் போதுமா?

பாடிக்காரி:

பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வாங்க, வெயிட் பார்த்துத்தான் மாத்திரை அளவு எழுதுவார்கள். நாள் கேட்டுச் சொல்கிறேன். ரெண்டாவது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரும் எக்ஸ்ரேயும் மறக்காதீங்க, ரத்தம் ஏற்றின விவரம் அதில்தான் இருக்கும்.

இரவுப்பணி:

கடிதம் வாங்கினதும் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜீப்காரரிடமே கொடுத்து வைத்துவிடுங்கள் அண்ணா. ஒரு ஃபோட்டோ உங்கள் ஃபோனிலும் அக்கா ஃபோனிலும் இருக்கட்டும். நிமோனியா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் அங்கே கேட்டு வாருங்கள், சிக்கிள்செல் பிள்ளைகளுக்கு அது விட்டுப்போகக் கூடாது.